நியூட்ரான் இருக்கும்போது மியூவான் ஸ்பின் சோதனைக்கு ஏன் மெனக்கெட வேண்டும்?

நீங்கள் முனைவர் பட்டத்தின் தொடக்கத்தில் இருக்கிறீர்கள், கைடு "நியூட்ரானே போதும்ப்பா" என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். காந்தப் பொருளை ஆராய நியூட்ரானைப் பாய்ச்சி அது எப்படிச் சிதறுகிறது என்று பார்ப்பது ஒரு வழி. மியூவான், அதாவது எலக்ட்ரானைவிடக் கனமான ஒரு துகளை உள்ளே இறக்கி, அதன் ஸ்பின் (காந்த முள் போன்ற குணம்) எப்படித் திரும்புகிறது என்று பார்ப்பது இன்னொரு வழி.

என்னுடையது ஸ்ட்ரான்சியமும் இரிடியமும் சேர்ந்த ஓர் ஆக்சைடு. இரிடியம் நியூட்ரானை விழுங்கிவிடும். பவுடரில் உருப்படியான சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. காந்தமாக்கலை அளந்தால் 240 கெல்வின் பக்கத்தில் கோடு விருட்டென்று ஏறியது. புதுக் காந்தம் என்று லேபில் லட்டுகூட வாங்கியாகிவிட்டது. எனக்கு மட்டும் உறுத்தல். எஸ்ஆர்2ஐஆர்ஓ4 (Sr₂IrO₄) என்று இன்னொரு ஸ்ட்ரான்சியம்-இரிடியம் ஆக்சைடு உண்டு, அதுவும் அதே வெப்பநிலையில்தான் லேசான ஃபெர்ரோ காந்தக் குணம் காட்டும். அது துளி கலந்திருந்தாலும் காந்தமானியில் அதன் சத்தம்தான் கேட்கும்.

இங்கிலாந்தில் ஐசிஸ் என்ற ஆய்வகத்தில் மியூவான் பீம் (கற்றை) கிடைத்தது. பவுடரை வெள்ளித் தாளில் பொட்டலம் கட்டி, வெள்ளித் தகட்டில் வைத்து இறக்கினோம். வெள்ளியின் அணுக்கருக் காந்தத் திருப்புத்திறன் மிகச் சிறியது. தவறி அங்கே விழும் மியூவான் தொல்லை தராது. பையான் என்ற துகள் சிதைந்து வரும் மியூவான்களின் ஸ்பின் ஏறக்குறைய முழுக்க ஒரே பக்கம் நிற்கும். என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) போல வெளிப்புலம் கொடுத்துத் திருப்ப வேண்டாம். படிக இடுக்கில் நின்று, அங்குள்ள காந்தப்புலத்தைச் சுற்றி டெஸ்லாவுக்கு 135.5 மெகாஹெர்ட்ஸ் வீதம் சுழலும், சராசரியாக 2.2 மைக்ரோநொடியில் சிதையும். சிதையும்போது வெளிவரும் பாசிட்ரான், ஸ்பின் பார்க்கும் பக்கமே அதிகம் பாயும். முன், பின் டிடெக்டர்களின் வித்தியாசம்தான் சிக்னல்.

காந்தமான பகுதியில் விழுந்த மியூவான்கள்தான் அங்குள்ள புலத்தில் சிக்கி, சிக்னலின் வீச்சை இறக்கும். அதனால் சாம்பிளில் எத்தனை பங்கு காந்தம் என்று சிக்னலின் வீச்சே சொல்லிவிடும். எங்களுடையதில் 240 கெல்வினுக்குக் கீழே போயும் வீச்சு பத்தில் ஒரு பங்குகூட இறங்கவில்லை. அதாவது, காந்தமானி காட்டியது கலப்படத்தைத்தான். கைடு திரையைப் பார்த்தார், "சரி, மறுபடி சாம்பிள் செய்" என்றார்.

நியூட்ரான்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஸ்பின்கள் அடுக்கியிருக்கும் காந்த அமைப்பை நீங்கள்தான் சொல்ல முடியும். மியூவான் எங்கே உட்கார்ந்தது என்று தெரிய நாங்கள் டி.எஃப்.டி. (எலக்ட்ரான் அடர்த்தியை வைத்துக் கணினியில் போடும்) கணக்குப் போட்டாக வேண்டும். பிரேசியோடைமியம் உள்ள பைரோகுளோர் என்ற படிக வகைகளில் மியூவானே பக்கத்து அயனியின் நிலையைக் கலைத்துவிடும் என்பதும் தெரியும்.

இதெல்லாம் கஷ்டமே இல்லை. ஊர் திரும்பியதும் போர்டிங் பாஸில் ஒரு துண்டு இல்லையென்று பயணப் பில்லைத் திருப்பி அனுப்பினார்களே, அதுதான் கஷ்டம். பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறது, கையில் டேட்டா இருக்கிறது. நீந்தியா போனேன்?

உங்கள் சாம்பிளில் நியூட்ரானை விழுங்கும் இரிடியம், கடோலினியம், யூரோப்பியம் ஏதாவது இருந்தால் தாமதிக்காமல் மியூவான் பீமுக்கு எழுதிப் போடுங்கள். இல்லை, ஸ்பின்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதுதான் கேள்வி என்றால் கைடு சொன்னதே சரி.