எலக்ட்ரான் நேர் அயனியை நெருங்கும்போது எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று இழுக்கும் வெறும் கூலும் ஈர்ப்புக் கணக்கு போதாதா?

தொலைவில் போதும், கிட்டே வந்தால் போதாது.

ஒற்றை நேர்மின் ஹீலியம் அயனியையே பாருங்கள். அதன் எலக்ட்ரானை அடுத்த ஆற்றல் மட்டத்துக்கு ஏற்ற 40.8 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலின் அலகு) வேண்டும், ஆனால் சுமார் 35.6 உடன் வரும் எலக்ட்ரானும் அதை ஏற்றிவிடும், ஏனென்றால் மீதியை ஈர்ப்பு ஈடுகட்டுகிறது, அப்புறம் வந்தவர் வெளியேற வழியில்லாமல் தற்காலிகமாக மாட்டிக்கொள்கிறார். அழகான நிலை அது! பெரும்பாலும் எலக்ட்ரான் மறுபடி தப்பிவிடும். சில சமயம் ஒளியை உமிழ்ந்து அங்கேயே தங்கிவிடும், இதுதான் இரு எலக்ட்ரான் மீள்சேர்க்கை. சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவில் இது எவ்வளவு முக்கியம் என்று 1964இல் இயற்பியலாளர் ஆலன் பர்ஜெஸ் காட்டினார்.

இதையெல்லாம் பிடிக்கத்தான் ஆர்-மேட்ரிக்ஸ் என்ற கணக்கீட்டு முறை: உள்ளே ஒரு கோளத்தில் எல்லா எலக்ட்ரான்களையும் சேர்த்துக் கணக்கிட்டு, வெளியே கூலும் அலைகளோடு (கூலும் ஈர்ப்பில் மட்டும் நகரும் எலக்ட்ரானின் அலைகள்) எல்லையில் பொருத்துவார்கள்.