ஸ்டீம் ரூமை இப்போது இடிக்காதீர்கள்

கேள்வி: சென்னையில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. அம்மாவின் மூட்டுவலிக்கு இதமாக இருக்கும் என்று, பாத்ரூமைப் புதுப்பித்தபோது ஸ்டீம் ஷவர் வைத்தோம். ஸ்டீம் ஜெனரேட்டரை நாங்களே கடையில் வாங்கிக் கொடுத்தோம். மற்ற வேலைகளை எல்லாம் ஓர் இன்டீரியர் கான்ட்ராக்டர் 6 லட்சத்துக்குப் பேசிச் செய்தார். 5.4 லட்சம் கொடுத்தாயிற்று. வேலை முடிந்து 16 மாதம் ஆகிறது. அதில் பாதி ஆகும்போதே கீழ்வீட்டு பாத்ரூம் சீலிங்கில் ஓதம் இறங்க ஆரம்பித்து, இப்போது அவர்கள் படுக்கையறைச் சுவர் வரை பெயிண்ட் உரிந்து வருகிறது. கான்ட்ராக்டர் இரண்டு முறை வந்து ஏதோ பூசிவிட்டுப் போனார். இப்போது போனை எடுப்பதில்லை. கீழ்வீட்டுக்காரர் 9 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் என் மனைவியைப் பற்றி மோசமாக எழுதுகிறார். சங்கச் செயலாளரும் அவர் பக்கமே பேசுகிறார். கான்ட்ராக்டர் மீது போலீசில் மோசடிப் புகார் கொடுக்கலாமா? கீழ்வீட்டுக்காரர் மீது மானநஷ்ட வழக்குப் போடலாமா? வீடு வாங்கி நான்கு வருடம்தான் ஆகிறது, பில்டருக்குப் பொறுப்பு உண்டா? அடுத்த வாரம் வேறு கொத்தனாரை வைத்து எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகச் செய்யப் போகிறோம்.

பதில்: உங்கள் கடிதத்தில் சட்டப்படி முக்கியமான வரி கடைசி வரிதான். கொத்தனாரை நிறுத்துங்கள். ஒரு டைல் கூட உடையக்கூடாது.

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மோசடிப் புகார் நிற்காது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318வது பிரிவு வரும். வேலை செய்து முடித்து, புகார் சொன்னதும் இரண்டு முறை வந்து பார்த்தவர் மீது அதைக் காட்ட முடியாது. காவல் நிலையத்தில் ரசீது போட்டு, சிவில் தகராறு என்று முடித்துவைப்பார்கள். மானநஷ்ட வழக்கும் வேண்டாம். உங்கள் மனைவிக்கு வலித்திருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாளை யாரோடு உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டுமோ அவர் மீதே இன்று கிரிமினல் வழக்குப் போட்டால் பேச்சுக்கே இடம் இருக்காது. சங்கச் செயலாளர் யார் பக்கம் என்பது எந்த நீதிமன்றத்திலும் ஒரு விஷயமே இல்லை. பில்டரையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவு, வீட்டை ஒப்படைத்ததிலிருந்து 5 வருடம் வரை கட்டுமானக் குறைக்கு பில்டரைப் பொறுப்பாக்குகிறது. ஆனால் அவர் போட்ட தளத்தையும் வாட்டர்ப்ரூஃபிங்கையும் பெயர்த்தவர் நீங்கள். அவருடைய முதல் பதிலே அதுவாகத்தான் இருக்கும்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு இருப்பது ஒரே வழக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உண்மையில் இரண்டு இருக்கின்றன. கீழ்வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்கள் வீட்டிலிருந்து தண்ணீர் இறங்குகிறது என்றால், வேலையைக் கெடுத்தது கான்ட்ராக்டர் என்பது அவருக்குப் பதிலாகாது. அவர் கான்ட்ராக்டரோடு எந்த ஒப்பந்தமும் போடவில்லை. உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கான்ட்ராக்டர், அது தனி வழக்கு. இரண்டிலும் தீர்ப்பு ஒரே கேள்வியில்தான் நிற்கும்: தண்ணீர் எந்த வழியாக, எதனால் இறங்குகிறது?

ஸ்டீம் ரூமில் இந்தக் கேள்விக்கு நான்கைந்து விடைகள் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளி வேறு. சாதாரண பாத்ரூமில் தரையையும் சுவரில் பாதியையும் வாட்டர்ப்ரூஃப் செய்தால் போதும். ஸ்டீம் ரூமில் சீலிங் உட்பட ஆறு பக்கமும் ஆவி புகாத பூச்சோ மெம்பிரேனோ வேண்டும். தண்ணீரை நிறுத்துகிற பூச்சு எல்லாம் ஆவியை நிறுத்தாது. ஆவி டைல் இடுக்கு வழியாக உள்ளே போய், குளிர்ந்த இடத்தில் நீராகி, சுவருக்குள்ளேயே இறங்கும். மேலே சாதாரண ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் அது ஊறிப்போயிருக்கும். இதெல்லாம் கான்ட்ராக்டர் கணக்கு. அடுத்து, ஜெனரேட்டர் ஒவ்வொரு முறையும் உள்ளே மிச்சமிருக்கும் கொதிநீரை வெளியேற்றும். அந்தக் குழாயைச் சாதாரண பிவிசியில் இணைத்திருந்தால் சூட்டில் குழாய் இளகி, இணைப்பு விட்டுப்போகும். இது பிளம்பர் வேலையா, ஜெனரேட்டரைப் பொருத்த வந்த கடை ஆளின் வேலையா? போர் தண்ணீரின் உப்பு படிந்து ஜெனரேட்டரே உள்ளுக்குள் ஒழுகினால், மென்னீராக்கி வைக்காததால் உத்தரவாதம் செல்லாது என்பார் கடைக்காரர். பாத்ரூமுக்கு அடியில் பள்ளமாக விட்டு செங்கல் ஜல்லி நிரப்பியிருக்கும் இடத்தில், பில்டர் காலத்துப் பழைய குழாயே ஒழுகுவதாகவும் இருக்கலாம்.

இப்போது அடுத்த வாரத்தை நினைத்துப் பாருங்கள். கொத்தனார் இரண்டே நாளில் எல்லாவற்றையும் பெயர்த்து மூட்டையில் கட்டி லாரியில் ஏற்றிவிடுவார். அதோடு இந்தக் கேள்விக்கான விடையும் போய்விடும். இந்தப் பள்ளத்தில்தான் கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழுவதைப் பார்க்கிறேன். கீழ்வீட்டுக்காரரின் நெருக்குதல், வீட்டில் சண்டை, பதற்றத்தில் இடித்து, 4 லட்சம் செலவு செய்து புதிதாகக் கட்டிவிட்டு, அப்புறம் கையில் பில்லோடு வருவார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "என் கட்சிக்காரர் செய்த வேலையில் குறை இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?" ஓதம் பிடித்த சீலிங்கின் போட்டோ இருக்கும். அது விளைவைத்தான் காட்டும், காரணத்தைக் காட்டாது. சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. 2021இல் எஸ்ஜிஎஸ் இந்தியா வழக்கிலும் அதையே சொன்னது. கடைசியில் கீழ்வீட்டுக்காரருக்கும் பணம், புது வேலைக்கும் பணம், கான்ட்ராக்டரிடமிருந்து ஒன்றுமில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஆதாரம் கெடக்கூடாது என்று எதையும் தொடாமல், ஸ்டீமையும் வழக்கம்போல ஓடவிடுவது. நோட்டீஸ் வந்த பிறகு குளிக்க அந்த ஸ்விட்சை ஒரு முறை போட்டால் கூட, தெரிந்தே செய்தீர்கள் என்று ஆகிவிடும். இன்றே அந்த பாத்ரூமைப் பூட்டுங்கள். ஜெனரேட்டரின் எம்சிபியை இறக்கி, தண்ணீர் வால்வை மூடி, தேதி தெரியும்படி வீடியோ எடுத்து வையுங்கள். அம்மா குளிக்க வேறு பாத்ரூம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கூட்டு ஆய்வு. ஒரு நாளும் நேரமும் குறித்து, கான்ட்ராக்டருக்கும் ஜெனரேட்டர் விற்ற கடைக்கும் கீழ்வீட்டுக்காரருக்கும் எழுத்தில் அழைப்பு அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்டிலும் போக வேண்டும், மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் போக வேண்டும். வராவிட்டால் நீங்கள் இல்லாமலே ஆய்வு நடக்கும், அதன் பிறகு இடித்துச் சரிசெய்யப்படும் என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். இந்த வீட்டுக்கு முன்பின் சம்பந்தமில்லாத ஒரு பட்டயப் பொறியாளரை (சார்ட்டர்ட் இன்ஜினியர்) வைத்து, கீழ்வீட்டுக்காரர் சம்மதத்தோடு சோதனையைச் செய்யுங்கள். வடிகாலை அடைத்துத் தரையில் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும். பிறகு வடிகாலில் சாயம் கலந்த தண்ணீர் விட்டுக் கீழே பார்க்க வேண்டும். கடைசியாகத்தான் ஆவி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எது ஒழுகியது என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு அந்தப் பொறியாளர் முன்னிலையிலேயே டைலைப் பெயர்த்து, ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்து, பூச்சிலும் குழாயிலும் ஒரு துண்டு எடுத்து வைக்க வேண்டும். அதற்குப் பிறகு உங்கள் கொத்தனார் தாராளமாக வரலாம்.

வக்கீல் கமிஷனர், அதாவது இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் வக்கீல், போட வேண்டாமா என்று யாராவது சொல்வார்கள். கமிஷனர் அறிக்கைக்கு மதிப்பு அதிகம்தான். ஆனால் அதற்கு முதலில் வழக்குப் போட்டிருக்க வேண்டும், உத்தரவு வர வேண்டும், அதுவரை கீழே சுவர் ஊறிக்கொண்டிருக்கும். உங்கள் தொகைக்கு, முறையாக அழைப்பு அனுப்பி நடத்திய கூட்டு ஆய்வே போதும் என்பது என் கருத்து. கீழ்வீட்டுக்காரர் சோதனைக்குக் கதவைத் திறக்க மறுத்தால் மட்டும் கமிஷனருக்கு மனுப் போடுங்கள். கூடவே ஒரு பொறியாளரையும் அந்த மனுவிலேயே கேளுங்கள். வக்கீல் மட்டும் வந்தால் ஈரம் இருக்கிறது என்று எழுதுவார், ஏன் இருக்கிறது என்று எழுத முடியாது.

ஜெனரேட்டரோடு வந்த நிறுவல் கையேட்டைத் தேடி எடுங்கள். தூக்கிப் போட்டிருந்தால் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். சுவருக்கும் சீலிங்குக்கும் என்ன பூச்சு, சீலிங் எவ்வளவு சரிவு, கொதிநீர் எந்தக் குழாயில் போக வேண்டும் என்று அதில் இருக்கும். கையேட்டில் ஒன்று, சுவருக்குள் வேறு ஒன்று என்றால் நிபுணர் சாட்சியம் பாதி முடிந்த மாதிரி. கான்ட்ராக்டர் இரண்டு முறை வந்து பூசியதைப் பற்றிய வாட்ஸ்அப் பேச்சு முழுவதும் இருக்கட்டும். அந்த போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். பாரதிய சாட்சிய அதினியத்தின் 63வது பிரிவுப்படி மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் வேண்டும், வெறும் ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினால் எதிர்ப்பார்கள்.

கான்ட்ராக்டர் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள், கடைக்காரரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். சேர்க்காவிட்டால் இவர் அவரைக் கைகாட்டித் தப்பிப்பார். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு மேல், 10 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் 200 ரூபாய்தான். கெடு 2 வருடம். "அடுத்த வாரம் வர்றேன் சார்" என்ற மெசேஜ்கள் அந்தக் கெடுவை நீட்டாது. கசிவு தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதிட முடியும்தான். ஆனால் வேலை முடிந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். உங்களுக்கு 8 மாதம் இருக்கிறது. பாக்கி 60,000 ரூபாயைக் கொடுக்க வேண்டாம், ஏன் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் இப்போதே எழுதிவிடுங்கள்.

கீழ்வீட்டுக்காரர் விஷயத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்: சமரசம் செய்துகொள்ளுங்கள். ஆய்வில் தண்ணீர் உங்கள் வீட்டிலிருந்துதான் என்று தெரிந்தால் அந்த வழக்கில் நீங்கள் ஜெயிக்க வழியில்லை. இடைக்காலத் தடை, சரிசெய்து தரச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளை, நஷ்டஈடு என்று மூன்றும் கேட்பார். அவர் கேட்கும் 9 லட்சம் பேரத்துக்கான தொகை. நீதிமன்றம் பார்ப்பது சரிசெய்ய ஆகும் உண்மையான செலவை. அவர் நம்பும் ஆள் ஒருவர், நீங்கள் நம்பும் ஆள் ஒருவர் என்று இரண்டு மதிப்பீடு வாங்கி, அதற்குப் பக்கத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பணம் கொடுக்கும் முன் கான்ட்ராக்டருக்கு இன்னொரு நோட்டீஸ் போக வேண்டும்: கீழ்வீட்டுக்கு இன்ன தொகை கொடுத்து முடிக்கப் போகிறேன், ஆட்சேபம் இருந்தால் 10 நாளில் சொல்லுங்கள், இந்தத் தொகையையும் உங்களிடம் கேட்பேன் என்று. இதைச் செய்யாமல் கொடுத்துவிட்டால், "நான் கொடுக்கச் சொன்னேனா?" என்று பின்னால் கேட்பார். சமரசப் பத்திரத்தில் கீழ்வீட்டின் எல்லா உரிமையாளர்களும் கையெழுத்துப் போட வேண்டும். வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்து ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டதால், முடிந்ததாக நினைத்த வழக்கு மறுபடி வந்ததைப் பார்த்திருக்கிறேன். முடிந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகப் போட்டு, லோக் அதாலத் தீர்ப்பாகவே வாங்கிவிடுங்கள். அதற்கு மேல்முறையீடு கிடையாது.

நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போது ஒரு எச்சரிக்கை. "தவறு முழுக்க கான்ட்ராக்டருடையது, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று எழுதத்தான் உங்களுக்குக் கை பரபரக்கும். அப்படி எழுதினால் தண்ணீர் உங்கள் வீட்டிலிருந்துதான் வருகிறது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும், அதே நேரம் பொறுப்பிலிருந்தும் தப்ப முடியாது. உங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி என்று தொடங்கி, பயன்பாட்டை நிறுத்திவிட்டோம், இன்ன தேதியில் கூட்டு ஆய்வு, முடிவைப் பொறுத்துப் பேசத் தயார் என்று முடித்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள், மனைவியையும் எழுத விடாதீர்கள்.

இப்போதுதான் ஸ்டீம் ஷவர் வைக்கத் திட்டமிடுகிற வாசகர்களுக்கும் கொஞ்சம். ஜெனரேட்டர், பிளம்பிங், மின்வேலை, வாட்டர்ப்ரூஃபிங் எல்லாவற்றுக்கும் ஒரே ஆளைப் பொறுப்பாக்கி எழுதிக்கொள்ளுங்கள். விலை குறைகிறது என்று பொருளை நீங்கள் தனியாக வாங்கிக் கொடுத்தால், பொறுப்பு இரண்டாகப் பிளந்துவிடும். நிறுவல் கையேட்டை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேருங்கள். 6 கிலோவாட் ஜெனரேட்டர் 26 ஆம்பியர் வரை இழுக்கும். உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்சுமை போதுமா என்று மின்வாரியத்திடமும், தளத்தைப் பெயர்க்கலாமா என்று சங்கத்திடமும் முன்பே எழுதி வாங்குங்கள். டைல் ஒட்டும் முன் தண்ணீர் தேக்கிய சோதனையைக் கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி, அவரிடமே ஒரு கையெழுத்து வாங்குங்கள். கான்ட்ராக்டருக்குப் பத்தில் ஒரு பங்கையாவது ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்தி வைப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். அதற்குச் சம்மதிக்காத ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.