சிலிக்கன் ஒளியியல்: சிப் செய்ய வசதி இல்லாவிட்டால் என்ன?

கேள்வி: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் இறுதியாண்டு. சிலிக்கன் ஒளியியலில் ஆய்வு செய்ய ஆசை. சிப் செய்யும் வசதி இல்லாமல் எதைச் செய்யப் போகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். எந்தத் தலைப்பை எடுக்கலாம்? – கொக்குவில் வாசகி

சிலிக்கன் சிப்புக்குள் ஒளியை ஓடவிட்டுத் தரவு அனுப்புவதும் அளப்பதும்தான் சிலிக்கன் ஒளியியல். அந்தச் சிப்பைச் செய்வது உங்கள் வேலையே இல்லை, தங்கச்சி. வடிவமைப்பவர் ஒருவர், செய்து கொடுக்கும் ஆலை இன்னொன்று என்பதுதான் இந்தத் துறையின் வழக்கம்.

இன்று இதற்குப் பெரிய வாடிக்கையாளர் தரவு நிலையங்கள். செயற்கை நுண்ணறிவுக் கணினிகளுக்கிடையே தரவைக் கடத்தச் செப்புக் கம்பி தடுமாறுகிறது, அந்த இடத்துக்கு ஒளி வருகிறது. 2025இல் என்விடியா, ஒளிப் பகுதியைச் சுவிட்ச் சிப்புக்குப் பக்கத்திலேயே பொதி செய்த சாதனங்களை அறிவித்தது. லைடார் (லேசரால் தூரம் அளக்கும் கருவி), இரத்தப் பரிசோதனை உணரி எல்லாம் பின்னால் வருகின்றன.

சிக்கல்களில் லேசரைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள்: சிலிக்கன் நன்றாக ஒளிராது, இந்தியம் பொஸ்பைட் என்ற வேறொரு குறைகடத்தியை ஒட்டித்தான் ஒளி எடுக்கிறார்கள். அடுத்தது ஒளியை உள்ளே ஏற்றுவது. வீட்டுக்கு வரும் பைபரில் ஒளி ஓடும் தடம் ஏறத்தாழ 9 மைக்கிரோமீற்றர். சிப்பின் அலைவழி, அதாவது ஒளி ஓடும் சிலிக்கன் தடம், அரை மைக்கிரோமீற்றர் அகலந்தான். வாளியிலிருந்து போத்தலுக்கு நல்லெண்ணெய் ஊற்றுகிற மாதிரி, புனல் இல்லாவிட்டால் பாதிக்கு மேல் வெளியேதான்.

ஆனால் நான் உங்களைத் தள்ளிவிட நினைப்பது சூட்டுப் பக்கம். அலைநீளங்களைப் பிரிக்கச் சிப்பில் சின்னச் சின்ன வளையங்கள் இருக்கும். ஒரு பாகை சூடு ஏறினால் வளையத்தின் ஒத்திசைவு, அதாவது அது பிடிக்கும் அலைநீளம், 0.07 நானோமீற்றர் அளவு நகரும். 100 கிகாஹேட்ஸ் இடைவெளியில் அடுத்த அலைவரிசை 0.8 நானோமீற்றர் தள்ளித்தான். ஆகப் பதினொரு பாகையில் வளையம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டத் தொடங்கிவிடும். லப்டொப்பில் ஒரு படம் பார்த்தாலே அவ்வளவு சூடு ஏறும். இதைத் தடுக்க வளையத்துக்கு மேலே குட்டி ஹீட்டர் வைத்து ஒரே சூட்டில் பிடிக்கிறார்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க ஒளிக்கு மாறிவிட்டு, ஹீட்டருக்கு மின்சாரம் கொடுப்பது! (இதே நகர்வுதான் உணரிக்கு வரம்: வளையத்தில் மூலக்கூறு ஒட்டினாலும் ஒத்திசைவு நகரும்.)

மாற்று வழி ஒன்று டைட்டேனியம் டையொக்சைட் மேலுறை. சூடாகும்போது சிலிக்கனின் முறிவுச்சுட்டி கூடும், இதனுடையது குறையும், ஒன்றையொன்று சரிக்கட்டலாம். அதற்கு ஒளி மேலுறைக்குள் நிறையக் கசிய வேண்டும், அலைவழியை ஒடுக்க வேண்டும். ஒடுக்கினால் வளைவில் ஒளி வழுக்கி வெளியேறும். எந்த அகலத்தில் இரண்டும் தாங்கும்? இதுதான் உங்கள் தலைப்பு. சூரியக் கல ஆய்வால் டைட்டேனியம் டையொக்சைட் படலம் உங்கள் துறைக்குப் பழகிய பொருள் என்பது கூடுதல் வசதி.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். ஒளி எப்படி ஓடும் என்று கணக்கிட எம்ஐடியில் பிறந்த மீப், எம்பிபி இரண்டும் இலவசம்; சிப்பின் படத்தை வரைய கேலேஅவுட். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் நடத்தும் வகுப்பில், மாணவர் வரைந்ததைச் செய்து அளந்தும் தருவார்கள். அடுத்த சுற்று எப்போது என்று பாருங்கள்.

முதலில் டைட்டேனியத்தைத் தொடாதீர்கள். 500 நானோமீற்றர் அகலம், 220 நானோமீற்றர் உயரம் உள்ள சாதாரண அலைவழி ஒன்றை 1550 நானோமீற்றர் அலைநீளத்தில் கணக்கிட்டு, அந்த 0.07 வருகிறதா பாருங்கள். 0.12 பக்கம் வந்தால், குழு முறிவுச்சுட்டியால் (ஒளித் துடிப்பின் வேகத்தைத் தருவது) வகுக்க வேண்டிய இடத்தில் பயனுறு முறிவுச்சுட்டியால் (அலை முகட்டின் வேகத்தைத் தருவது) வகுத்திருக்கிறீர்கள்.