குவாண்டம் பின்னலை அளக்கும் படிப்பு: மகளை அனுப்பலாமா?

ஐயா, வணக்கம்.

பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் குவாண்டம் பின்னலைக் கண்டறிந்து அளக்கும் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்கிறார், பி.எட். முடித்து டி.ஆர்.பி. எழுதினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். காற்றில் கோட்டை கட்டுகிறாரோ என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. அந்தப் பயம் வேண்டாம். குவாண்டம் பின்னல் (entanglement) என்றால், இரண்டு துகள்கள் எவ்வளவு தூரம் விலகினாலும், ஒன்றை அளந்த விடையும் மற்றதை அளந்த விடையும் பிணைந்தே இருப்பது. அதை அளப்பது ஆய்வகத்தில் நின்று, கையால் கருவியைத் திருப்பி, எண்ணிக் கணக்கெடுக்கிற வேலை. அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், மகளுக்கு இது ஒத்துவருமா என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இருட்டாக்கிய அறை, அதிராத கனமான மேசை, 405 நானோமீட்டர் ஊதா லேசர். ஒன்றுக்கொன்று 90 டிகிரி திருப்பி ஒட்டிய இரண்டு மெல்லிய பிபிஓ (பேரியம் போரேட்) படிகங்களுக்குள் லேசர் ஒளி போகும். கோடிக்கணக்கான ஒளித்துகள்களில் எப்போதோ ஒன்று பிரிந்து, 810 நானோமீட்டரில் ஒரு ஜோடியாக வெளிவரும். இரண்டும் ஆளுக்கொரு திசையில், குறிப்பிட்ட கோணத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் என்ற வடிகட்டியைத் தாண்டி, ஒற்றை ஒளித்துகளையும் உணரும் டிடெக்டரில் விழும். இரண்டு டிடெக்டரும் சில நானோவினாடிக்குள் சேர்ந்து பதிவு செய்தால், அது ஒரு எண்ணிக்கை.

இரண்டு ஒளித்துகள்களின் விடையும் ஒத்துப்போவது மட்டும் பின்னலுக்கு அத்தாட்சி ஆகாது. ஒரு ஜோடிச் செருப்பில் ஒன்றை மதுரைக்கும் மற்றதைச் சென்னைக்கும் பார்சல் அனுப்பினால், மதுரைக்காரர் பெட்டியைத் திறந்து இடதுகால் என்று பார்த்த உடனே சென்னையில் இருப்பது வலது என்று தெரிந்துவிடும். அது கட்டும்போதே முடிவான விஷயம். ஒளித்துகள்களும் அப்படித்தான் கிளம்பும்போதே முடிவெடுத்துக்கொண்டு வருகின்றனவா? இந்தக் கேள்வியை 1964-ல் இயற்பியலாளர் ஜான் பெல் சோதித்துப் பார்க்கக்கூடிய கணக்காக மாற்றினார். 1969-ல் கிளவுசரும் மூன்று பேரும் அதை ஆய்வகத்துக்கு ஏற்றபடி எழுதினார்கள். ஒரு பக்கம் 0, 45 டிகிரி, மறுபக்கம் 22.5, 67.5 டிகிரி, ஒவ்வொன்றுக்கும் செங்குத்தான கோணம் என்று போலரைசர்களை மாற்றி மாற்றி வைத்து 16 எண்ணிக்கைகள் எடுக்க வேண்டும். அதிலிருந்து 'எஸ்' என்ற ஒரே எண் வரும். எல்லாம் முன்பே முடிவானது என்றால் அது 2-ஐத் தாண்டாது. பின்னல் இருந்தால் 2.828 வரை போகலாம். 1972-ல் கிளவுசரும் ஃப்ரீட்மேனும், 1982-ல் அலென் ஆஸ்பே குழுவும் செய்த சோதனைகளில் இயற்கை பின்னல் பக்கமே நின்றது. 2022 நோபல் பரிசு கிளவுசர், ஆஸ்பே, ஸைலிங்கர் மூவருக்கும் போனது இந்த வகை வேலைக்குத்தான்.

இதில் நாளின் பெரும்பகுதி எதில் போகும் தெரியுமா? கண்ணாடிகளை மயிரிழை அளவு நகர்த்தி ஒளியை நேர்செய்வதிலும், தற்செயலாகச் சேர்ந்து விழுந்த எண்ணிக்கைகளைக் கழிப்பதிலும், பிழை எவ்வளவு என்று கணக்குப் போடுவதிலும்தான். 2.6 என்று விடை வந்தாலும், பிழை அளவு சொல்லாவிட்டால் அது விடையே இல்லை. இந்தப் பொறுமை மகளிடம் இருக்கிறதா என்பதுதான் என் முதல் கேள்வி. மதிப்பெண் அதற்கு அப்புறம்.

கோட்பாட்டுப் பக்கமும் வேலை நிறைய. குவாண்டம் தகவலின் அடிப்படை அலகுக்கு க்யூபிட் என்று பெயர்; மேலே சொன்ன ஒவ்வொரு ஒளித்துகளும் ஒரு க்யூபிட். இரண்டு க்யூபிட்டின் நிலையை முழுதாக அறிய 16 அளவீடு போதும். 10 க்யூபிட் என்றால் 10 லட்சத்தைத் தாண்டிவிடும். அதனால் முழுதும் அளக்காமலே பின்னலைக் காட்டிக்கொடுக்கும் சோதனைகளை உருவாக்குகிறார்கள். சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும் பிரயாக்ராஜ் ஹரிஷ்-சந்திரா நிறுவனத்திலும் குவாண்டம் தகவல் கோட்பாட்டில் ஆராய்ச்சி நடக்கிறது. சோதனைப் பக்கம் என்றால் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனம்.

சரி, பிழைப்புக்கு வருவோம். 2023-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த தேசிய குவாண்டம் திட்டத்துக்கு சுமார் 6,000 கோடி ரூபாய். தொலைத்தொடர்புப் பிரிவின் மையம் சென்னை ஐஐடியில் இருக்கிறது. ஆனால் அதை நம்பி மட்டும் முடிவெடுக்காதீர்கள். திட்டம் 2030-31 வரைதான். உங்கள் மகள் எம்.எஸ்சி., பிஎச்.டி. முடிக்க இன்னும் எட்டு ஒன்பது வருடம் ஆகும். அன்றைக்கும் அவருக்குச் சோறு போடப்போவது லேசர், ஃபைபர், டிடெக்டர், பைத்தான் நிரலாக்கம், புள்ளியியல் இவற்றில் பழகிய கைதான். தொலைத்தொடர்பு, செமிகண்டக்டர், லேசரால் தூரம் அளக்கும் லிடார் என்று பல இடங்களில் அந்தக் கைக்கு வேலை உண்டு.

பிஎச்.டி. செலவுக்கு நீங்கள் கடன் வாங்க வேண்டியதில்லை. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. கல்யாணப் பேச்சும் உங்கள் மனதில் இருக்கும். பிஎச்.டி. மாணவிகளுக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்புக்கு யுஜிசி விதியே இருக்கிறது.

அடுத்த படி ஜாம் என்ற நுழைவுத் தேர்வு. இறுதி ஆண்டில் எழுதலாம், ஐஐடி எம்.எஸ்சி.க்கும் ஐஐஎஸ்சி ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் அதுதான் வாசல். ஒரே மாதத்தில் குவாண்டம் நிபுணர் ஆக்குகிறோம் என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் சான்றிதழ் வகுப்புகளுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஐஐடிகள் தரும் என்பிடெல் இணையப் பாடங்களைப் பார்க்கப் பணம் வேண்டாம். க்யூடிப் என்ற பைத்தான் தொகுப்பும் இலவசம். பின்னலின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்க வீட்டு லேப்டாப்பே போதும். கல்லூரி ஆய்வகத்தில் போலரைசரைத் திருப்பத் திருப்ப ஒளி எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் மாலஸ் விதிச் சோதனை செய்யும்போது, ரெக்கார்டு நோட்டுக்காக இல்லாமல், பிழைக் கணக்கோடு ஒருமுறை முழுதாகச் செய்யட்டும்.

பி.எட். கதவை இப்போதே சாத்த வேண்டாம். இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு மகள் விண்ணப்பிக்கட்டும். இடம் கிடைத்தால் இரண்டு மாதம் உண்மையான ஆய்வகத்தில் இருந்துவிட்டு வந்து, அவரே முடிவு சொல்லட்டும். விண்ணப்பத்துக்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும். அவரை நன்றாக அறிந்த துறை ஆசிரியரிடம் இந்தப் பருவம் முடிவதற்குள் கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.