புறநகரில் நல்ல வீகன் சாப்பாடு கிடைக்கும், பெயர்ப்பலகையில் மட்டும் எழுதியிருக்காது

கேள்வி: புறநகர்ப் பகுதிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறேன். நான் வீகன்: இறைச்சி, மீன் மட்டுமல்ல, பால், முட்டை, தேன் எதுவும் சேர்ப்பதில்லை. இங்கே நல்ல வீகன் சாப்பாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? குழந்தையின் பிறந்தநாள் கேக்குக்கு என்ன செய்வது?

இதற்கு ஏற்கெனவே வந்த பதில் ஒன்றில், "புறநகரில் அதெல்லாம் நடக்காது, பேசாமல் ஊருக்குள்ளே வீடு பாருங்கள்" என்று ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. வீடு மாறுவது என்ன, சட்டை மாற்றுகிற காரியமா? நான் புறநகரில்தான் இருக்கிறேன், வீகனாகத்தான் இருக்கிறேன், வாய்க்கு ருசியாகவும் சாப்பிடுகிறேன்.

உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. வாடகை கட்டுப்படியாகும் என்று வந்திருப்பீர்கள். நடக்கிற தூரத்தில் நாலைந்து சாப்பாட்டுக் கடை, ஒரு பேக்கரி, ஒரு சூப்பர் மார்க்கெட். டெலிவரி ஆப்பில் வீகன் என்று தேடினால் பழச்சாறும், பால் இல்லாத காபியும், நடுவே எப்படியோ நுழைந்துவிட்ட சீஸ் சாண்ட்விச்சும் வரும். குடும்பத்தோடு வெளியே போனால் உங்களுக்கு மட்டும் உருளைக்கிழங்கு வறுவலும் மேலே எதுவும் ஊற்றாத சாலடும். மேசையில் யாராவது ஒருவர் "ஐயோ பாவம், இதை மட்டுமா சாப்பிடுறே?" என்று கேட்டே தீருவார். பசியைப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தப் பாவத்தைத்தான் தாங்க முடியாது.

மேலே போவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் அடுத்தவர் தட்டை எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை. எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லாரும் எல்லாமும் சாப்பிடுகிறார்கள். "செடிக்கும் உயிர் இருக்கிறதே" என்று எழுதக் காத்திருப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள், நான் சண்டைக்கு வரப்போவதில்லை. பாலோ முட்டையோ பட்டாலே உடம்புக்கு ஆபத்து என்ற அளவுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தப் பதிலை நம்பி எங்கும் போய்ச் சாப்பிட வேண்டாம். உங்களுக்குத் தேவையான கவனம் வேறு. இது கொள்கைக்காகத் தவிர்ப்பவர்களுக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புறநகரில் வீகன் உணவகத்தைத் தேடாதீர்கள். நீங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரு சமையல்காரரைத் தேடுங்கள். வீகன் மட்டுமே விற்கிற கடை நிற்க வேண்டுமென்றால் தினமும் அதற்கென்று வருகிற கூட்டம் வேண்டும். வேலைக்குப் போனவர்கள் இரவில்தான் திரும்புகிற பகுதியில் அந்தக் கூட்டம் இருக்காது. ஆனால் இருக்கிற கடைகளுக்கு, வாரம் தவறாமல் வருகிற ஒரு ஆள் என்பது பெரிய விஷயம். ஊர் நடுவில் உள்ள கடை உங்கள் ஒருவருக்காக எதையும் மாற்றாது, இங்கே மாற்றுவார்கள்.

எனக்கு வாய்த்தது தெரு முனையில் இருந்த சின்ன நூடுல்ஸ் கடை. முதலில் எல்லாரையும் போல நானும் இரவு நேரத்தில் போய்க் கல்லாவில் கேட்டேன். "எல்லாம் வெஜ்தான் மேடம், தைரியமா சாப்பிடுங்க" என்று பதில் வந்தது. கல்லாவில் இருப்பவருக்கு அடுப்பில் நடப்பது தெரியாது, தெரிந்துகொள்ள அவருக்கு நேரமும் இல்லை. அதனால் கூட்டமே இல்லாத பிற்பகலில் மறுபடி போனேன். மாஸ்டர் பின்வாசலில் ஒரு கவிழ்த்த டின்மேல் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தக் காய்கறி சூப்புல என்னென்ன போடுறீங்க?"

"கேரட், பீன்ஸ், கோஸ், சோளமாவு. வேற என்னம்மா இருக்கப்போகுது?"

"அடியில ஊத்துறது வெறும் தண்ணியா?"

"தண்ணிதான். ஒரு க்யூப் போடுவேன்."

க்யூப் என்றால் சூப்புக்குச் சுவையேற்றப் போடுகிற சின்னக் கட்டி. அந்த டப்பாவை எடுத்துவரச் சொன்னேன். முன்பக்கம் முழுக்கக் காய்கறிப் படம். பின்பக்கத்தில் இருந்த எழுத்து அவர் கண்ணுக்கும் எட்டவில்லை, என் கண்ணுக்கும் எட்டவில்லை. அவரே போனில் படம் பிடித்து, பூண்டுத் தோல் ஒட்டிய இரண்டு விரலால் திரையை விரித்து விரித்துப் பெரிதாக்கினார். உப்பு, சர்க்கரை, தாவர எண்ணெய் எல்லாம் தாண்டி நடுவில் லாக்டோஸ் என்று இருந்தது. "அது பால்லேர்ந்து எடுக்கிற சர்க்கரை அண்ணே" என்றேன். "காய் க்யூப்ல எதுக்கும்மா பாலு?" என்று என்னிடம் கேட்டார், ஏதோ நான்தான் அதில் கலந்த மாதிரி.

அன்றைக்கு அந்தச் சமையலறையின் அலமாரியில் இருந்த பாதியையாவது நாங்கள் இருவரும் படித்திருப்போம். வழக்கமான நூடுல்ஸில் முட்டை இருந்தது. அரிசி நூடுல்ஸில் அரிசியும் தண்ணீரும்தான். சோயா சாஸில் பிரச்சினை இல்லை. ஆய்ஸ்டர் சாஸ் சிப்பியிலிருந்து வருவது, அதற்குப் பதிலாகக் காளானில் செய்தது கடைகளில் கிடைக்கிறது. பேக்கரி பிரெட்டில் பால் பவுடர். இது போதாதென்று சூடான கல்லில் எதைப் போட்டாலும் அவர் கை தானாக வெண்ணெய் பிரஷ்ஷுக்குப் போகும். பழக்கம், அவ்வளவுதான். கோழி பொரிக்கிற எண்ணெயில்தான் உருளைக்கிழங்கும் பொரிகிறது. அதாவது, நம்மில் பலர் வேறு வழியில்லாமல் பாதுகாப்பு என்று நம்பிச் சாப்பிடுகிற அந்த வறுவல்.

மாஸ்டர் எரிச்சல்படுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். ஆனால் அவருக்கு அது சவாலாகிவிட்டது. க்யூப் இல்லாமல் சூப்புக்கு எப்படிச் சுவை ஏற்றுவது என்று அவரே யோசிக்க ஆரம்பித்தார். நான் உலர்ந்த ஷிட்டாகே காளானை ஊறவைத்த தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா, கொம்பு என்ற கடற்பாசியின் ருசிக்குக் காரணம் குளூட்டமேட் என்ற பொருள் என்று பிரித்துக் காட்டினார், அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரும் வைத்தார். தக்காளியிலும் சோயா சாஸிலும் குளூட்டமேட் நிறைய உண்டு. உலர்ந்த காளானில் இருக்கும் குவானிலேட் என்ற பொருள் அதோடு சேரும்போது ருசி பல மடங்கு தூக்கலாகத் தெரியும். வீகன் சாப்பாடு சப்பென்று இருக்கிறது என்பவர்கள் பெரும்பாலும் சாப்பிட்டது, வெண்ணெயையும் க்யூபையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்காமல் கொடுத்த சாப்பாட்டை.

சோயாவில் பனீர் மாதிரி செய்கிற டோஃபு விஷயத்தில் அவருக்கு நம்பிக்கையே இல்லை. "சோப்பு மாதிரி இருக்கும்மா" என்றார். அதைத் துணியில் சுற்றி மேலே தண்ணீர் நிறைந்த பாத்திரத்தை வைத்து அரை மணி நேரம் விடச் சொன்னேன். வடிந்து வந்த தண்ணீரைப் பார்த்து அவரே ஆச்சரியப்பட்டார். பிறகு சதுரமாக வெட்டி, சோளமாவில் புரட்டி, தனிச் சட்டியில் கொஞ்சம் எண்ணெயில் நாலு பக்கமும் சிவக்க விட்டார். அரிசி நூடுல்ஸ், கோஸ், காளான், இந்த டோஃபு, மேலே ஒன்றிரண்டாகப் பொடித்த வறுத்த வேர்க்கடலை. அந்த இரும்புச் சட்டியின் புகை வாசனையோடு சாப்பிட்டபோது எனக்கு யாருடைய 'ஐயோ பாவமும்' தேவைப்படவில்லை. இப்போது அது அவர்கள் பட்டியலிலேயே தனி வரியாக இருக்கிறது. வீகன் என்றால் என்ன என்று கேட்டே பழகாதவர்கள்தான் அதை அதிகமாக வாங்குகிறார்கள் என்று மாஸ்டர் சொல்கிறார்.

"எனக்கு இப்படி நச்சரிக்க வெட்கமாக இருக்கிறது" என்று நீங்கள் நினைக்கலாம். நச்சரிக்க வேண்டாம், நேரம் பார்த்துக் கேட்டால் போதும். வார இறுதி இரவில் அடுப்படிக்குப் போய் லாக்டோஸ் பற்றிப் பாடம் நடத்தினால் யாருக்கும் கோபம் வரும். "இதில் பால் இருக்கிறதா" என்று கேட்பதைவிட "இதில் என்னென்ன போடுகிறீர்கள்" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு இல்லை என்பதுதான் சுலபமான பதில். இரண்டாவதற்கு அவர் யோசித்தாக வேண்டும்.

பாக்கெட் படிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பல நாடுகளில் பாலும் முட்டையும் ஒவ்வாமைப் பொருட்கள் என்பதால் தனியாகவோ தடித்த எழுத்திலோ காட்ட வேண்டும் என்பது சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பட்டியலில் 14 பொருட்கள், அமெரிக்காவில் 2023இல் எள்ளும் சேர்ந்து 9. இரண்டிலும் பால், முட்டை, மீன் எல்லாம் உண்டு. அதனால் நிறையப் பேர் அந்த வரியை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். தேன் அந்தப் பட்டியலில் இல்லை. எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினும் இல்லை. சிவப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் கார்மைன் பூச்சியிலிருந்து வருகிறது, ஈ120 (E120) என்ற சேர்மானக் குறியீட்டு எண்ணுக்குள் ஒளிந்திருக்கும். மிட்டாயைப் பளபளக்க வைக்கும் ஷெல்லாக் ஈ904, அரக்குப் பூச்சியின் சுரப்பு. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்கச் சேர்க்கும் ஈ471 தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம், எதிலிருந்து என்று பாக்கெட்டில் பெரும்பாலும் இருக்காது. காபியில் பாலுக்குப் பதில் கலக்க என்று விற்கிற பவுடர்கள் பலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கும், அது பாலில் உள்ள புரதம்தான். எதிர்ப்பக்கமும் உண்டு: "பால் இருக்கக்கூடும்" என்ற எச்சரிக்கையைப் பார்த்ததும் பாக்கெட்டைத் திருப்பி வைத்துவிடாதீர்கள். அதே இயந்திரத்திலோ தொழிற்சாலையிலோ பால் பொருளும் ஓடுகிறது என்பதுதான் அதன் அர்த்தம், அது சேர்மானம் இல்லை. 1944இல் பிரிட்டனில் தொடங்கிய வீகன் சொசைட்டி 1990 முதல் சூரியகாந்தி முத்திரை கொடுக்கிறது. அதைப் பார்த்தால் இவ்வளவு படிக்கத் தேவையில்லை.

இடம் தேட ஹேப்பிகவ் என்ற இணையதளம் 1999 முதல் இயங்குகிறது, இப்போது செயலியாகவும் இருக்கிறது, பயனர்களே பதிவு செய்வது. புறநகர்களில் பதிவு செய்ய ஆள் குறைவு, அதனால் நீங்கள் கண்டுபிடித்ததை நீங்களே சேர்த்துவிடுங்கள். எத்தியோப்பிய உணவகம் எட்டுகிற தூரத்தில் இருந்தால் விரதச் சாப்பாடு கேளுங்கள். அவர்களுடைய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை விரத நாட்களில் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விலக்குகிறது, அதனால் பருப்பும் காய்கறியுமாக ஒரு தட்டு பெரும்பாலும் தயாராக இருக்கும். சீன பௌத்த உணவகங்களும் நல்லவை, ஆனால் அங்கே கறி மாதிரி செய்து வைப்பதில் சிலவற்றில் முட்டை வெள்ளை இருக்கும், கேட்டுவிடுங்கள்.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் கேளுங்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நானும் கேட்டேன். என் கேள்விக்குக் கீழே இரண்டு பூங்கொத்துப் படம், ஒரு காலை வணக்கம், அப்புறம் பார்க்கிங் சண்டை.

பி12 வைட்டமின் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தாவர உணவில் அதற்கு நம்பகமான ஆதாரம் கிடையாது. மாத்திரையோ, பி12 சேர்த்த பொருளோ கட்டாயம் வேண்டும். அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "இயற்கையாகவே எல்லாம் கிடைக்கும்" என்று வாதாட வருபவர்களுக்கு என்னிடம் நேரமில்லை.

கடைசியாக, கேக். அலமாரியில் இருப்பதை எடுக்காதீர்கள், சில நாள் முன்னதாகவே பேக்கரிக்காரரிடம் உட்கார்ந்து பேசுங்கள். மாவில் முட்டையும் பாலும் இல்லாமல் செய்வது அவருக்குச் சுலபம், எண்ணெயும் வினிகரும் பேக்கிங் சோடாவும் போதும். மாட்டிக்கொள்வது மேலே பூசுவதில்தான். கிரீமில் பால், பழத்துக்கு மேல் பளபளப்புக்கு ஜெலட்டின், சிவப்பு ரோஜாவில் கார்மைன், தூவுகிற வண்ண மணிகளில் ஷெல்லாக். முட்டை வெள்ளை நுரை வேண்டுமென்றால் வேகவைத்த கொண்டைக்கடலைத் தண்ணீரை அடிக்கச் சொல்லுங்கள். 2014இல் ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர் அது நுரைக்கும் என்று கவனித்தார், அடுத்த ஆண்டே அதற்கு அக்வாஃபாபா என்று பெயரும் வந்துவிட்டது. தண்ணீர் நீர்த்திருந்தால் நுரைக்காது, முதலில் அடுப்பில் வைத்துச் சுண்டவிட்டு, ஆறவைத்து அடிக்க வேண்டும். பொறுமை வேண்டும், பத்து நிமிஷமாவது மெஷின் ஓட வேண்டும். பாதியிலேயே "வராதும்மா" என்று நிறுத்தப் பார்ப்பார், விடாதீர்கள்.