சப்பென்று இருக்குமா?

வணக்கம் சார்,

உங்கள் கட்டுரைகளை மூன்று வருடமாகப் படித்துவருகிறேன். எனக்கு 24 வயது, மிருதங்கம் வாசிக்கிறேன். வருகிற நவம்பரில் ஒரு பாட்டுக் கச்சேரிக் குழுவோடு முதல்முறையாக ஜப்பான் போகிறேன். டோக்கியோ, நகோயா, கியோட்டோ, ஒசாகா, கனசாவா. 12 நாளில் ஐந்து கச்சேரி. நாங்கள் சுத்த சைவம். அங்கே போய்வந்த சீனியர் ஒருவர், “அவங்க சாப்பாட்டுல ருசியே கிடையாது, எல்லாம் சப்புனு இருக்கும், குக்கரும் அரிசியும் எடுத்துட்டுப் போயிடு” என்றார். ஐந்து கிலோ அரிசி, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, கறிவேப்பிலை என்று பட்டியல் போட்டிருக்கிறேன். சரிதானா?

இன்னொரு சந்தேகம். அங்கே ரசிகர்களுக்குத் தாளம் தெரியாது, மரம் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள் என்கிறார்கள். தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளலாமா? மிருதங்கத்தை எப்படிப் பத்திரமாகக் கொண்டுபோவது?

(பெயர் வேண்டாம் சார்)

*

அன்புள்ள தம்பி,

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மிருதங்கத்தை ஃபைபர் பெட்டியில் வையுங்கள். நவம்பரில் அங்கே காற்று வறண்டிருக்கும். ஹோட்டல் அறையில் ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் காலையில் சுருதி எங்கேயோ ஏறி நிற்கும். மூலையில், போர்வை போர்த்தி வையுங்கள். குக்கர் வேண்டாம். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம்முடைய 230 வோல்ட் குக்கரைச் செருகினால் ஐந்தில் ஒரு பங்கு சூடுதான் வரும், அரிசி ஊறிக்கொண்டே கிடக்கும். பச்சைக் கறிவேப்பிலையை விமான நிலையத்திலேயே வாங்கிவைத்துக்கொள்வார்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று காலை அடுக்களை அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். மேல்தட்டில், டப்பாக்களுக்குப் பின்னால், ஒரு ஜப்பானியச் செய்தித்தாள் பொட்டலம். பிரித்தால் உள்ளே கருப்பாக, தோல் வார் மாதிரி விறைத்துப்போன ஒரு துண்டு. கொம்பு என்கிற கடற்பாசி. மேலே மாவு தூவியதுபோல வெள்ளை பூத்திருந்தது. பூஞ்சை என்று பயந்து என் மனைவி அதைக் குப்பையில் போடப் போனாள். அது பூஞ்சை இல்லை, அதன் உள்ளிருந்தே வெளியே வருகிற பூச்சு. அதைக் கழுவக்கூடாது, துணியால் லேசாகத் துடைத்தால் போதும் என்று எனக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உங்கள் ‘சப்’ வந்து சேர்ந்தது.

2009 இலையுதிர்காலம். பாட்டு, வயலின், நான், கஞ்சிரா என்று நான்கு பேர் போயிருந்தோம். கஞ்சிராக்காரர் தூத்துக்குடிப் பக்கம். என்னைவிட ஆறு வயது இளையவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவார். எங்களுக்கு மொழிபெயர்ப்பாளராக ஒரு கல்லூரிப் பெண் கூடவே வந்தாள். கறியும் மீனும் ஆகாது என்று முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டோம். அவளும் ஒவ்வொரு கடையிலும் சமையல்கட்டு வரைக்கும் போய் விசாரித்துவிட்டுத்தான் எங்களை உட்காரவைப்பாள். மிசோ சூப், பூசணியை மெதுவாக வேகவைத்த ஒரு கூட்டு, குழம்பில் மிதக்கும் ஊடோன் என்கிற தடித்த நூடுல்ஸ். நான் வெளுத்துக்கட்டினேன். இவ்வளவு ருசியான சைவத்தை வெளிநாட்டில் சாப்பிட்டதே இல்லை என்று வீட்டுக்குப் போன்போட்டுக்கூடச் சொன்னேன்.

மூன்றாம் நாள் கனசாவாவில் ஒரு பழைய விடுதி. இரவுச் சாப்பாட்டில் சூப் கிண்ணத்தின் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோன கஞ்சிராக்காரர் சொன்னார்: “அண்ணே, என்னதான் சொல்லுங்க, இந்த மாசி வாசத்த அடிச்சுக்க ஏதும் இல்ல.”

எனக்குப் புரியவில்லை. மாசி என்றால்? “மாசிக் கருவாடுண்ணே. மூணு நாளா அதத்தானே குடிக்கிறோம்? உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.”

அவர் மூக்கு சொன்னது சரி. சூரை மீனை அவித்து, புகைபோட்டு, கட்டைபோல ஆகும்வரை காயவைத்தால் நம்மூரில், இலங்கையில், மாலத்தீவில் மாசி. ஜப்பானில் அதே குடும்பத்து மீனை அதேபோல அவித்துப் புகைபோட்டு, அதற்குமேல் பூஞ்சை ஏற்றியும் காயவைப்பார்கள். பெயர் கட்சுவோபுஷி. அதை மரச்சுருள் மாதிரிச் சீவி வெந்நீரில் போட்டு எடுக்கிற தெளிவுதான் தாஷி. சூப், கூட்டு, நூடுல்ஸ் சாறு, முட்டை வறுவல் எல்லாவற்றுக்கும் அடியில் அதுதான் இருக்கும். அந்தப் பெண் மீன்துண்டு இருக்கிறதா என்று விசாரித்தாள். மீன்சாற்றை விசாரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? ரசத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று நாம் யாராவது கேட்போமா?

நான் அவளைக் கத்திவிட்டேன். அத்தனை பேர் முன்னால். ஏமாற்றிவிட்டாய் என்ற வார்த்தையைச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்து குனிந்து ஏதோ சொன்னாள், காது மடலெல்லாம் சிவந்துபோயிருந்தது. நான் எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

விடிகாலை ஐந்து மணிக்குத் தூக்கம் பிடிக்காமல் கீழே இறங்கினால் சமையல்கட்டில் விளக்கு எரிகிறது. விடுதியை நடத்திவந்த அம்மா, எழுபது வயதிருக்கும், என்னைப் பார்த்ததும் உள்ளே வரச் சொல்லிக் கைகாட்டினார். மேடையில் ஒரு கண்ணாடி ஜாடி. அதில் கொம்புத் துண்டு இரவெல்லாம் ஊறி உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தது. தண்ணீர் லேசான மஞ்சள். பக்கத்துக் கிண்ணத்தில் உலர்ந்த ஷீட்டாகே காளான் ஊறிக்கொண்டிருந்தது. ஜாடியைக் காட்டினார், காளானைக் காட்டினார், பிறகு இரண்டு கையாலும் மீன் நீந்துவதுபோலக் காட்டி, இல்லை என்று தலையசைத்தார். ஊறிய தண்ணீரை அடுப்பில் வைத்தார். ஓரத்தில் சின்னச்சின்னக் குமிழ் வந்ததுமே கொம்பை எடுத்துவிட்டார். கொதிக்கவிட்டால் வழவழப்பும் கசப்பும் இறங்கிவிடும் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. காளான் சாற்றைச் சேர்த்து, ஒரு சிட்டிகை உப்பு. வேறு ஒன்றுமே இல்லை. சின்னக் கோப்பையில் ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார்.

குடித்தேன். சப்பென்றுதான் இருந்தது, தம்பி. உங்கள் சீனியர் சொன்ன அதே சப்.

விழுங்கினேன். அப்புறம்தான் அது வந்தது. நாக்கின் இரண்டு ஓரத்திலும் மெல்ல ஊறி, வாய் முழுக்கப் பரவி, நான் கோப்பையைக் கீழே வைத்த பிறகும் போகாமல் நின்றது. புளிப்பு இல்லை, காரம் இல்லை, இனிப்பும் இல்லை. நமக்கு மிருதங்கத்தின் இடதுபக்கமான தொப்பி எப்படியோ அப்படி. வலதுபக்கம், வலந்தலையில் விரல் ஓடுவதை எல்லாரும் பார்ப்பார்கள், கேட்பார்கள். தொப்பி ஒலித்துக்கொண்டிருக்கும்வரை ஒருவர் காதிலும் அது தனியாக விழாது. நாதத்துக்காகத் தொப்பியில் அப்பியிருக்கும் ரவைப் பசை உதிர்ந்துவிடட்டும், கடைசி வரிசையில் இருப்பவர்கூட நிமிர்ந்து உட்காருவார். அந்தக் கோப்பையில் இருந்தது வெறும் தொப்பி. அதை மட்டும் தனியாக வாசித்துக் காட்டினார் அந்த அம்மா.

அந்த ருசிக்குப் பெயர் வைத்ததே கொம்பினால்தான். 1908இல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கிகுனாயே இகேடா, கொம்புச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்ற நான்கு ருசிக்கும் அடங்காத இதற்கு உமாமி என்று பெயர் வைத்தார். அடுத்த வருடமே அது அஜினமோட்டோ என்று கடைக்கு வந்தது. ஃப்ரைட் ரைஸ் கடைகளைப் பார்த்து நாம் திட்டுகிற அதே சமாச்சாரம்தான். 1913இல் அவருடைய மாணவர் ஷின்டாரோ கொடாமா, கட்சுவோபுஷியில் இருக்கும் ருசி வேறு ஒன்று, இனோசினேட் என்று கண்டுபிடித்தார். கொம்போடு அது சேரும்போது இரண்டின் ருசியும் பல மடங்கு ஏறும். மீனில்லாமல் அதே வேலையைச் செய்வது உலர்ந்த ஷீட்டாகேயில் இருக்கிற குவானிலேட். அந்த அம்மா இகேடாவைப் படித்திருக்க மாட்டார். ஆனால் எது போனால் எதை வைக்க வேண்டும் என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

புத்த மடங்களின் அடுக்களையில் பல நூற்றாண்டுகளாக இதுதான் நடக்கிறது. ஷோஜின் ர்யோரி என்பார்கள். மீனும் கறியும் மட்டுமில்லை, வெங்காயமும் பூண்டும் கிடையாது. நம் மடப்பள்ளியில் நுழைந்ததுபோல இருக்கும் உங்களுக்கு. 1237இல் தோகென் என்கிற ஜென் குரு மடத்துச் சமையல்காரரின் கடமைகளுக்கென்றே ஒரு நூல் எழுதினார். கனசாவாவுக்குப் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிற எய்ஹெய்ஜி அவர் நிறுவிய மடம்தான். ஒசாகா கச்சேரிக்குப் பிறகு ஒரு நாள் கிடைத்தால் கோயாசான் மலைக்குப் போய் மடத்து விடுதியில் தங்குங்கள். எள்ளை அரைத்துச் செய்கிற டோஃபு, உறையவைத்து உலர்த்திய கோயா டோஃபு இரண்டையும் மெதுவாகச் சாப்பிடுங்கள். தயவுசெய்து அங்கே பருப்புப்பொடி டப்பாவைத் திறக்காதீர்கள்.

ருசியே இல்லை என்று எந்த வாயால் சொல்கிறீர்கள், தம்பி? ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை நீங்கள். முன்பின் கேட்டிராத தோடியை இரண்டு மணிநேரம் உட்கார்ந்து கேள் என்று அவர்களிடம் கேட்கப் போகிறீர்கள். டிக்கெட் வாங்கி, கோட்டு போட்டு வந்து உட்காருவார்கள். பதிலுக்கு அவர்கள் நாட்டுச் சாப்பாட்டை, ஒரு வாய் வைப்பதற்கு முன்னாலேயே, ஐந்து கிலோ பொன்னியை வைத்து மறைத்துக்கொள்வீர்களா? உங்கள் சீனியர் மேல் எனக்குக் கோபமில்லை. மிளகாயும் புளியும் இல்லாத இடத்தில் நம் நாக்கு கொஞ்ச நேரம் திகைத்து நிற்கும். அது திகைத்துப்போனதற்குச் சப் என்று பெயர் வைத்துவிட்டார். நானும் ஒரு வாய் குடித்து நிறுத்தியிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். உங்களுக்கு 24 வயதுதான் ஆகிறது. அதற்குள் நாக்கை மூடிவிட்டால் காது மட்டும் எத்தனை நாள் திறந்திருக்கும்?

தாளம் தெரியாதவர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டுக் கொஞ்சநேரம் நடந்துவிட்டு வந்தேன். நோ என்கிற அவர்களுடைய பழைய நாடகத்தின் தாளத்துக்கு அடிப்படையே எட்டு எண்ணிக்கை. அங்கே கொட்ஸுட்ஸுமி என்கிற சின்ன மத்தளம் வாசிப்பவர் தோலுக்கு ஈரம் வேண்டும் என்று வாசிப்புக்கு நடுவே அதில் மூச்சை ஊதுவார். பின்பக்கத் தோலில் நனைத்த காகிதத்துணுக்கை ஒட்டி நாதத்தைச் சரிசெய்வார். நாம் ரவை ஒட்டுகிறோமே, அதற்கு அண்ணன் தம்பி. பக்கத்தில் இருக்கும் ஓட்ஸுட்ஸுமி என்கிற பெரிய மத்தளத்தின் தோலைக் கரிநெருப்பில் காயவைத்துக் கொண்டுவருவார்கள். கியோட்டோவில் இருக்கும்போது ஒரு நோ நிகழ்ச்சிக்குப் போய் அந்த இரண்டு பேரின் கைகளை மட்டும் பாருங்கள். மரம் மாதிரி உட்காருவது அவர்கள் சுபாவமும் இல்லை. கபுகி நாடகத்தில் நடிகர் நிலைகொள்கிற அந்த நொடியில், அவர் குடும்பப் பெயரைச் சொல்லிப் பின்வரிசையிலிருந்து “நகமுராயா!” என்று குரல் விழும். உங்கள் கச்சேரியில் சும்மா இருப்பது, எங்கே குரல் கொடுப்பது என்று தெரியாததால் இருக்கலாம். தனியை முழுசாக வாசியுங்கள்.

கிரீன்ரூமில் டப்பாச் சாப்பாடு வரும். பெரும்பாலும் மகுனோஉச்சி என்கிற வகை. திரை விழுந்து அடுத்த திரை ஏறுவதற்குள் என்று பெயருக்கு அர்த்தம். எடோ காலத்தில் நாடக இடைவேளையில் சாப்பிட்டது. ரசிகர்கள் யாராவது பயறு விழுதில் செய்த இனிப்பை அழகாகக் கட்டிக் கொண்டுவந்து தருவார்கள். இரண்டு கையாலும் வாங்கி, அவர்கள் இருக்கும்போதே ஒன்றைச் சாப்பிடுங்கள்.

மீனைச் சாப்பிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நானும் இன்றுவரை சாப்பிடுவதில்லை. உங்கள் சாப்பாட்டு முறையை முழுசாகச் சொல்வது உங்கள் பொறுப்பு என்கிறேன். ‘வெஜிடேரியன்’ என்ற ஒரு சொல்லை எறிந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளக்கூடாது. “நிகு தோ சகானா வா தபேமாசென். கட்சுவோ தாஷி மோ தமே தெஸ்.” கறியும் மீனும் சாப்பிடுவதில்லை, மீன்சாறும் ஆகாது. இதை அமைப்பாளரிடம் கொடுத்து, ஜப்பானிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைக்கே மெயில் அனுப்புங்கள். கொம்பு ஊற ஒரு இரவு வேண்டும். போய் இறங்கிய பிறகு சொன்னால் அந்த இரவு அவர்களுக்குக் கிடைக்காது. உங்களோடு வருகிற பெண்ணோ பையனோ, யாராக இருந்தாலும், எங்கள் மொழிபெயர்ப்பாளர் அன்று நின்ற இடத்தில் நிற்கக்கூடாது.

அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. காலையில் அந்தக் கோப்பையைக் குடித்துவிட்டு வெளியே வந்தபோது அவள் வேனில் எங்கள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். என் மிருதங்கத்தைக் கடைசியாக, மற்ற பெட்டி எதுவும் இடிக்காத இடம் பார்த்து வைத்தாள். சுமிமாசென் என்று ஒரு வார்த்தை அப்போது எனக்குத் தெரியும். வாயில் வரவில்லை. அன்றைக்கு விடுதி அம்மா கொடுத்தனுப்பிய பொட்டலத்தில் கடைசித் துண்டுதான் அலமாரியில் கிடைத்தது. நேற்று ராத்திரி அதை ஊறவைத்தேன். இத்தனை வருடம் கழித்தும் ருசி போகவில்லை.

உங்கள் பட்டியலில் எல்லாம் இருக்கிறது, ரவை இல்லை. அங்கே தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. கால் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து கச்சேரிக்கும் வரும்.