எல்லாமே போனில் கிடைக்கும்போது கிளை நூலகத்துக்கு ஏன் போக வேண்டும்?

கேள்வியைப் பார்த்தால் உங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஒரு அறை இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு அது இல்லை. பாலக்கோடு பக்கம் கல்யாணமாகி வந்த வீட்டில் ஒரே கூடம், அதிலேயே டிவி, மாமியாரின் கட்டில், சீசனில் தக்காளிக் கூடைகள். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தபோது போனும் இருந்தது, நெட்டும் இருந்தது, உட்காரத்தான் இடமில்லை.

கிளை நூலகத்துக்குப் போனேன். "ஆம்பளைங்க பேப்பர் படிக்கிற எடத்துல உனக்கென்னம்மா வேலை" என்று மாமியார் கேட்டார். உள்ளே போனாலும் எல்லாரும் நிமிர்ந்துதான் பார்த்தார்கள். நூலகர் ஒன்றும் கேட்காமல் ஜன்னலோர மேசையை ஒழித்துக் கொடுத்து, ஆறாம் வகுப்பிலிருந்து சமச்சீர் புத்தகங்களை எடுத்து வைத்தார். இதே புத்தகங்களை ஜெராக்ஸ் போட்டு, நோட்ஸ் என்று சொல்லி என் தோழியிடம் ஒரு பயிற்சி மையம் ஆயிரக்கணக்கில் வாங்கியது, பாதியில் வகுப்பையும் நிறுத்திவிட்டது, பணம் இன்றுவரை திரும்பவில்லை. கம்மல் அடகு வைத்துக் கட்டிய பணம் அது, நினைத்தாலே வயிறு எரிகிறது.

நான் இப்போது இளநிலை உதவியாளர். நூலகம்தான் வேலை வாங்கிக் கொடுத்தது என்று சொல்லவில்லை, படித்தது நான்தான். ஆனால் அந்த மேசை இல்லாமல் படித்திருக்க முடியாது.

இதை யாரோ போடும் தானம் என்றும் நினைக்காதீர்கள். வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக நம்மிடம் வாங்குகிறார்கள், அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் போன்றவர்கள் பாடுபட்டு, 1948ல் சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்ததால் கிடைத்த ஏற்பாடு இது. வரி கட்டிவிட்டு வாசலைக்கூட மிதிக்காமல் இருந்தால் நஷ்டம் யாருக்கு?

புத்தகமெல்லாம் பழசு, கழிவறை இல்லை என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். சரி, பல ஊர்களில் நிலைமை அப்படித்தான். ஆனால் ஆளே வராத இடத்துக்கு யார் செலவு செய்வார்கள்? நாங்கள் பெண்கள் சிலர் தினமும் வர ஆரம்பித்து, வாசகர் வட்டத்தில் பேசி, எழுதிக் கொடுத்த பிறகுதான் எங்களுக்கென்று ஒரு தனி மேசை கிடைத்தது.

வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போங்கள். உறுப்பினராகப் பெரிய செலவில்லை. வீட்டில் படிக்கிற பெண் யாராவது இருந்தால் முதல் நாள் கூடவே போய் உட்கார வைத்துவிட்டு வாருங்கள்.